பொதுத்தேர்வுக்கும் கல்லூரி முதல் நாளுக்கும் நடுவே: மதுரை மாவட்டப் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், கள்ளிக்குடி, வாடிப்பட்டி, மேலூர், மதுரை நகரம் என்று பல ஊர்களில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பொங்கல் கழிந்தால் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அதற்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல உங்கள் ஆசிரியர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நாங்கள் எழுதுவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் நடத்துகிறவர்கள், சேர்க்கைக் காலத்தில் உதவி மையங்களில் உட்காருகிறவர்கள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். நல்ல மார்க் எடுத்தும் நினைத்த இடத்தில் சேர முடியாமல் போகிற பிள்ளைகள் பலர். அவர்களுக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் ஒரு சான்றிதழில் பொருந்தாத பெயர், யாருடைய போனுக்கோ போய்விட்ட ஓடிபி, தெரியாமல் கடந்துபோன கடைசித் தேதி. ஜனவரியில் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய காரியம், ஜூனில் ஒரு வாரம் அலைந்தாலும் முடியாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள். இந்த வாரமே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு ஐந்தையும் தரையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முத்துப்பாண்டி க' என்று ஒரே சொல்லாக இருக்கும். ஆதாரில் முத்து தனியாக, பாண்டி தனியாக நிற்கும். பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக முன்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் பாண்டியின் கடைசி எழுத்து ஒன்றில் 'ஐ', இன்னொன்றில் 'ஒய்'. நமக்கு மூன்றும் ஒரே பையன்தான். கம்ப்யூட்டருக்கு அவர்கள் மூன்று பேர். உதவித்தொகை விண்ணப்பம் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வருவதற்கு இதுதான் காரணம்.

எதை வைத்து எதைத் திருத்துவது என்ற குழப்பம் எல்லா வீட்டிலும் வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. ஆகவே மையத்தில் திரையைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தையும் படித்துப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள். 15 வயதுக்குப் பிறகு கைரேகையும் கருவிழியும் மறுபடி பதிய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்கள் அதே கையோடு செய்துவிடுங்கள். தவறு பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே இருந்தால் நாளைக்கே தலைமையாசிரியரைப் பாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்த பிறகு திருத்தம் கேட்டால் அது தேர்வுத் துறை வரை போய் வர வேண்டிய வேலை.

அடுத்தது வருவாய்த்துறைச் சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். விண்ணப்பம் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), பிறகு தாலுகா அலுவலகம் என்று படிப்படியாக ஏறும். பணம் கட்டியதும் தரும் ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். அதிலுள்ள எண்ணை வைத்து விண்ணப்பம் எந்த மேஜையில் நிற்கிறது என்று நான்கு நாளைக்கு ஒருமுறை பாருங்கள். 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று வந்தால் பதற வேண்டாம், காரணத்தைப் படியுங்கள். ஸ்கேன் மங்கலாக இருந்தது, அப்பாவின் சான்றிதழ் இணைக்கவில்லை, ரேஷன் கார்டில் முகவரி பழையது என்று ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். அசல்களை எடுத்துக்கொண்டு விஏஓவை நேரில் பார்த்தால் பாதிக் கேள்விகள் அங்கேயே தீரும். ரிசல்ட் வந்த பிறகு எல்லா மையத்திலும் கூட்டம் அலைமோதும். சில ஆண்டுகளில் சித்திரைத் திருவிழாவையொட்டியே ரிசல்ட்டும் வரும் என்பதால், அந்த நாட்களில் நம் ஊரில் ஒரு காகிதம் நகர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

வருமானச் சான்றிதழுக்கு ஆயுள் ஓராண்டு. அதை மட்டும் அவசரப்பட்டு டிசம்பரிலேயே வாங்காமல், தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில் வாங்கினால் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் சேர்த்து உதவும். சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கலாம். ஜேஇஇ, நீட் போன்ற அகில இந்திய வழிகளில் போகும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மாநிலச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். ஐஐடி, என்ஐடி கவுன்சிலிங்கில் அது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடச் சான்றிதழை நீட்டி, இட ஒதுக்கீட்டை இழந்து பொதுப்பிரிவில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பற்றி நிறையத் தவறான பேச்சு இருக்கிறது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை என்றால்தான் அது கிடைக்கும். அக்கா அதை வைத்து ஏற்கனவே படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது. பொறியியலில் அந்தச் சான்றிதழுக்கு உரிய கல்விக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் மூலம் கிடைத்த இடத்துக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டுக் கேட்டால் வராது. குடும்பத்தில் எல்லாருடைய படிப்புச் சான்றுகளையும் கேட்பார்கள் என்பதால், வாங்குவதற்கு அதிக நாள் எடுப்பதும் இதுதான்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாமே இதில் அரசுப் பள்ளிகள்தான். அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. நடுவில் பள்ளி மாறியவர்கள் கவனியுங்கள். ஆறு முதல் எட்டு வரை ஊர் நடுநிலைப் பள்ளியிலும் ஒன்பது முதல் வேறு பள்ளியிலும் படித்திருந்தால், பழைய பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். எமிஸ் பதிவில் (பள்ளிக்கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவு) ஒரு வருடம் விட்டுப்போயிருந்தாலும் அந்தக் காகிதம் காப்பாற்றும். மே மாதம் பழைய பள்ளி பூட்டியிருக்கும். இப்போது திறந்திருக்கிறது.

போன் நம்பரும் மின்னஞ்சலும் சின்ன விஷயமாகத் தோன்றும். அதில்தான் அதிக சேதம். எந்த விண்ணப்பத்திலும் பிரவுசிங் சென்டர்காரர் நம்பரைக் கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் அவர் போனில் அன்று நூறு பேருடைய ஓடிபி வந்து விழும், உங்களுக்கு எந்தக் கல்லூரியில் இடம் என்று சொல்லும் அலாட்மென்ட் செய்தி அதில் புதைந்துபோகும். அப்பா வேலைக்காகத் திருப்பூரிலோ கேரளாவிலோ இருந்தால் அவர் நம்பரும் வேண்டாம். வீட்டில் இருக்கிற ஒரு போன், செப்டம்பர் வரை ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு சிம், அதே நம்பரில் நீங்களே தொடங்கிய ஒரு மின்னஞ்சல் போதும். எல்லா விண்ணப்பத்துக்கும் அவையே. பாஸ்வேர்டை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதி வையுங்கள்.

வங்கிக் கணக்கு. பள்ளிக் காலத்தில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு உங்களில் பலருக்கு இருக்கும். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லை என்றால் அது செயல்படாத கணக்காகிவிடும். 18 வயது நிறைந்ததும் மைனர் கணக்கைப் புதுப்பிக்கவும் வேண்டும். வங்கிக்குப் போய் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுத்து, நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிர்ப்பியுங்கள். பிறகு கவுன்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அரசுப் பணம் நேரடியாக வர்றதுக்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கா?" கணக்கில் ஆதார் எண் பதிந்திருப்பது வேறு, அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று ஆதாரோடு இணைக்கும் சீடிங் வேறு. இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக எதில் சீடிங் செய்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவதும் இந்த வழியில்தான். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு அது உண்டு. கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேயே அதற்குரிய ஆசிரியர் மூலம் பதிய வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் யார் என்று கேட்டு வையுங்கள்.

இனி விண்ணப்பங்கள். ஒன்றில் பதிந்தால் எல்லாவற்றிலும் பதிந்ததாகிவிடும் என்ற நினைப்பு வீடுகளில் பலமாக இருக்கிறது. அப்படி இல்லை. பொறியியலுக்கு டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) தனி. வேளாண்மைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தனி. ஒத்தக்கடைக்கு அருகே உள்ள வேளாண் கல்லூரியில் சேர விரும்பினாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கால்நடை, மீன்வளம், சட்டம் ஒவ்வொன்றும் தனி. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், துணை மருத்துவப் படிப்புகளுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு தனி. அரசு கலைக் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ (தமிழ்நாடு அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கை) தனி: விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய்; எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, மேலூர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றுக்கு இந்த ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். உதவி பெறும் கல்லூரிகளான அமெரிக்கன், தியாகராசர், மதுரா, லேடி டோக், பாத்திமா, கருமாத்தூர் அருளானந்தர் ஆகியவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியின் விண்ணப்பம்தான். நீட், ஜேஇஇ எழுத நினைப்பவர்கள் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க முடியாது. பதிவே பொதுத்தேர்வு முடிவதற்கு முன்னால் முடிந்துவிடும். ஒரு தாளில் கல்லூரி, விண்ணப்பம் திறக்கும் நாள், கடைசி நாள், கட்டிய பணம், விண்ணப்ப எண் என்று ஐந்து கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

பொறியியல் கட் ஆஃப் கணக்கு எளிது. கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 80 என்றால் 92, 44, 40 கூட்டி 176. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் கொடுக்கும் ரேண்டம் நம்பர் பெரிதாக வந்தால் நல்லது என்று சிலர் கொண்டாடுகிறார்கள். கட் ஆஃப், தனித்தனிப் பாட மார்க், பிறந்த தேதி எல்லாம் இருவருக்கும் ஒன்றாக இருந்தால் மட்டுமே கடைசியாக அது பார்க்கப்படும். அதை மறந்துவிடலாம்.

சாய்ஸ் ஃபில்லிங்கைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி, பாடப்பிரிவு இரண்டும் சேர்ந்தது ஒரு சாய்ஸ். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும். உங்கள் ரேங்குக்கு இடம் இருக்கிற முதல் வரியில் நின்று அதைக் கொடுத்துவிடும். ஆகவே நமக்குக் கிடைக்குமா என்று யோசித்து வரிசைப்படுத்தக் கூடாது. எது அதிகம் பிடித்திருக்கிறதோ அது மேலே. எட்டாத கல்லூரியை முதலில் போடுவதால் கீழே உள்ளவை பறிபோகாது. ஆனால் கைக்கு எட்டும் கல்லூரியைப் பயந்து முதலில் போட்டால், அதைவிட நல்லதில் இடம் இருந்தும் உங்களுக்கு அதுதான் கிடைக்கும். இந்த ஒரு தவறு, மார்க் குறைவைவிட அதிகமான பிள்ளைகளைத் தவறான இடத்தில் உட்கார வைக்கிறது.

இன்னொரு தவறு ஆறு ஏழு சாய்ஸோடு நிறுத்திவிடுவது. உங்கள் கட் ஆஃபுக்குச் சற்று மேலே உள்ளவை, ஒத்துப்போகிறவை, நிச்சயமாகக் கிடைக்கக்கூடியவை என்று மூன்று அடுக்கிலுமாக 40, 50 போடுங்கள். போன ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்புக்குக் கடைசியாக எந்தக் கட் ஆஃபில் இடம் போனது என்ற பட்டியல் டிஎன்இஏ இணையதளத்திலேயே இருக்கிறது. அதை ஏப்ரலிலேயே எடுத்து வைத்து, உங்கள் வகுப்புக்கு உரிய பத்தியை மட்டும் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட கல்லூரிகள் நிறைய. பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஒரே கல்லூரியில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியே அதற்கு உதாரணம். பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் சுயநிதி என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் வெகுவாக மாறும். கலைக் கல்லூரிகளிலும் இதே கதைதான். ஒரே வளாகம், ஒரே பி.காம்., ஆனால் ஒன்று உதவி பெறுவது, இன்னொன்று சுயநிதி. விண்ணப்பத்தில் எதில் டிக் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

அலாட்மென்ட் வந்ததும் ஐந்து வழிகளில் ஒன்றைக் கேட்பார்கள்: (1) ஏற்றுச் சேர்கிறேன்; (2) ஏற்கிறேன், ஆனால் என் பட்டியலில் மேலே உள்ளது கிடைத்தால் மாறுவேன்; (3) இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் சேர்வேன்; (4) இது வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன்; (5) வெளியேறுகிறேன். பதில் சொல்ல இரண்டே நாள். இரண்டாவதுதான் பலருக்குப் பொருந்தும், கையில் உள்ளதும் போகாது. ஆனால் அதற்கும் உரிய நாளுக்குள் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் ரத்து. அந்த முதல் தொகையை ஜூலைக்கு முன்பே ஒதுக்கி வைக்கும்படி வீட்டில் சொல்லிவிடுங்கள். சுயநிதிக் கல்லூரிக்குக் கல்விக்கடன் வாங்கும் எண்ணமிருந்தால், கவுன்சிலிங் ஆணையோடு போகிறவருக்கு வங்கியில் பேச்சு எளிது. 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கும் வழக்கம் இல்லை. கடன் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து உங்கள் ஊருக்கு ஆட்கள் வருவார்கள். லேப்டாப் இலவசம், வேலை உறுதி, பஸ் இலவசம் என்பார்கள். இடம் பிடித்து வைக்க அசல் சான்றிதழைக் கொடு என்பார்கள். கொடுக்காதீர்கள். அசல் போனால் அதன் பிறகு எந்தக் கவுன்சிலிங்குக்கும் உங்களால் போக முடியாது, அதற்காகத்தான் கேட்கிறார்கள். கல்லூரிகள் அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் சொன்ன விதி. அதே விதியில் பணம் திரும்பப் பெறும் அளவும் இருக்கிறது. கல்லூரி அறிவித்த சேர்க்கைக் கடைசி நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை (நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், கழித்துக்கொள்ளலாம்). அந்தக் கடைசி 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாள் வரை 80, அதற்கு மேல் 30 நாள் வரை 50, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. விலகுவதாக இருந்தால் வாயால் சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

நர்சிங், லேப், ரேடியாலஜி என்று மாடியில் இரண்டு அறையில் நடக்கும் 'டிப்ளமோ'க்களிடம் இன்னும் அதிகக் கவனம் தேவை. நர்சிங் என்றால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படித்து முடித்தாலும் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. அரசு வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் அந்தக் காகிதம் உதவாது. பட்டியலைக் காட்டச் சொன்னால் கோபப்படுகிற இடத்தில் சேராதீர்கள்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை உள்ள விடுமுறையில், தமிழ் வழியில் படித்தவர்கள் ஒன்று செய்தால் முதல் செமஸ்டரில் பாதிப் பயம் போய்விடும். நம் பாடநூல் கழகத்தின் பிளஸ் டூ புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாட வரிசையில், ஒரே படங்களோடு வருகிறது. ஆங்கிலப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் நன்றாகப் படித்த ஒரு பாடத்தை எடுத்து, இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒரே பத்தியை இரண்டிலும் படியுங்கள். பொருள் ஏற்கனவே தெரியும் என்பதால் ஆங்கிலச் சொல் தானாக ஒட்டும். 'முடுக்கம்' என்றால் 'ஆக்சிலரேஷன்', 'வினைவேக மாற்றி' என்றால் 'கேட்டலிஸ்ட்' என்று நாளுக்கு பத்துச் சொல். புத்தகத்தின் பின்னால் கலைச்சொல் பட்டியலும் இருக்கும். கூடவே கேள்வித்தாளில் வரும் ஏவல் சொற்களைப் பழகுங்கள். 'டிஃபைன்' என்றால் வரையறை மட்டும், 'டிஸ்டிங்குவிஷ்' என்றால் வேறுபாட்டு அட்டவணை, 'டிரைவ்' என்றால் சூத்திரத்தைப் படிப்படியாக வருவிப்பது. பாடம் தெரிந்தும் கேட்டதை விட்டு வேறொன்றை எழுதி மார்க்கை இழப்பது முதல் செமஸ்டரில் சாதாரணமாக நடக்கிறது. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர்களுக்கு நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படிக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கல்லூரியில் மார்க் போடும் முறை வேறு. முதல் மாதம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அதனால் எல்லாம் எளிதாகத் தோன்றும். ஐந்தாறு வாரத்தில் முதல் இன்டர்னல் (கல்லூரியே நடத்தி மார்க் போடும் தேர்வு) வந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம் (2025இல் புதிய ஒழுங்குமுறை வந்துவிட்டது); அதில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50, செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதம். இன்டர்னலில் 30 எடுத்த பிள்ளைக்குச் செமஸ்டரில் 100க்கு 45 போதும். இன்டர்னலில் 15தான் என்றால், மீதி 35ஐ 60இல் எடுக்க வேண்டும்; அதாவது 100க்கு 59. ஒரே பாடம், ஒரே வினாத்தாள், ஆனால் ஒருவருக்கு 14 மார்க் கூடுதல் சுமை. அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) விழுவது பெரும்பாலும் நவம்பர் தேர்வறையில் அல்ல, ஆகஸ்டில் தவறவிட்ட அந்த இன்டர்னலில். கலைக் கல்லூரிகளில் 25க்கு 75 என்பது பரவலான முறை. தன்னாட்சிக் கல்லூரிகளில் மாறும். உங்கள் ஆண்டுக்கு உரிய விதி கல்லூரிக் கையேட்டில் இருக்கும். சேர்ந்த அன்றே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வருகை 75 சதவீதம். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விடுப்பு எடுக்க இடம். ஊர்த் திருவிழா, உறவினர் கல்யாணம், பஸ் தவறியது, காய்ச்சல் எல்லாம் அந்த 22க்குள் அடங்க வேண்டும். சில கல்லூரிகளில் காலை ஒரு மணி நேரம் தாமதமானால் அரை நாள் போய்விடும். அதனால் சேர்வதற்கு முன் ஒரு நாள், கல்லூரி நேரத்துக்கே ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். பேரையூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்து, ஆரப்பாளையத்திலோ பெரியார் பஸ் ஸ்டாண்டிலோ இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கிற பிள்ளைக்குப் போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான். வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். மாதச் செலவை அதை வைத்துக் கணக்கிடுங்கள். தூரம் அதிகம் என்றால் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் கல்லூரி விடுதிகள் இருக்கின்றன. 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். சாப்பாடு, தங்கல் இரண்டும் இலவசம். கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதி தானாகக் கிடைக்காது. அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

ராகிங் பற்றி ஒரு வார்த்தை. 1997இலேயே தமிழ்நாடு அதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டுவிட்டது. 'சும்மா விளையாட்டு' என்று யார் சொன்னாலும், மனசுக்குச் சங்கடமாக இருந்தால் அன்றே துறைத்தலைவரிடம் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமென்றால் 1800-180-5522 கட்டணமில்லா எண், எந்த நேரமும். வீட்டிலும் சொல்லுங்கள். கல்லூரிக்கு அனுப்பிய கையோடு "சமாளிச்சுக்கோ" என்று விட்டுவிடாதீர்கள் என்று பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, மே மாதம் ஒன்றிரண்டு பாடத்தில் விழப்போகிற பிள்ளைகளுக்கு. உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். துணைத்தேர்வு அதே கோடையில் நடக்கிறது. தேறினால் அதே ஆண்டில் கல்லூரி, பொறியியலில் துணைக் கவுன்சிலிங், பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாம் திறந்திருக்கும். ஒரு வருடம் வீணாகாது. மார்க்கில் சந்தேகம் என்றால் முதலில் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். அதை உங்கள் பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகு மறுமதிப்பீடா, மறுகூட்டலா என்று முடிவு செய்யலாம். நகல் வாங்காமல் நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. நகலுக்கும் துணைத்தேர்வுக்கும் ரிசல்ட் வந்து சில நாட்களே கெடு. ரிசல்ட் அன்று போனை அணைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். உங்கள் வகுப்பாசிரியர் அங்கே இருப்பார். படிவம் அவர் கையில் இருக்கும்.

அன்புடன்,
மதுரை மாவட்டப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் சிலர்